ஆர்வியா, மோட்டலா, டென்ட்டா? யெல்லோஸ்டோனுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு

மார்ச் பிறந்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். "ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். ஜூலையில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போகலாம் என்று இருக்கிறோம். ஆர்வி எடுக்கலாமா, இல்லை வழக்கம்போல மினிவேனும் மோட்டலுமா?" கேட்பவர் டல்லாஸில் இருப்பார், நியூ ஜெர்சியில் இருப்பார். வீட்டு நிலவரம் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆர்வி என்பது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. பிள்ளைகள் அதுதான் வேண்டும் என்று குதிப்பார்கள். மனைவிக்கு அதன் கழிப்பறையை யார் சுத்தம் செய்வது என்ற கவலை. "எதுக்குப்பா வீண் செலவு" என்பார் அப்பா. நடுவில் ஒருவர் "டென்ட் போட்டால் என்ன?" என்று எடுத்துவிட்டிருப்பார். அவர் அநேகமாக டென்ட்டில் ஒரு இரவுகூடத் தூங்கியிருக்க மாட்டார்.

மூன்றையும் வெவ்வேறு வருடங்களில் செய்து பார்த்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஒப்பிட வசதியாக ஒரே பயணத்தை எடுத்துக்கொள்வோம். சால்ட் லேக் சிட்டிக்கு விமானத்தில் போய் இறங்குவது, அங்கிருந்து பூங்காவின் மேற்கு வாசல் ஊரான வெஸ்ட் யெல்லோஸ்டோன், பூங்காவுக்குள் சுற்றல், தெற்கு வாசல் வழியாகப் பக்கத்துப் பூங்காவான கிராண்ட் டீட்டன், ஜாக்சன் ஊர், மறுபடி சால்ட் லேக் சிட்டி. ஏழு இரவு. பூங்காவுக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் சுமார் 1,100 மைல்.

## எதை வைத்து அளப்பது

பணத்தைக் கடைசியில் பார்ப்போம். அதை முதலில் எடுத்தால் மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும்.

முதலில், எத்தனை பேர்? நான்கு பேருக்கு ஒரு விடை, ஆறு பேருக்கு நேர் எதிர் விடை.

அடுத்ததை யாரும் கேட்பதே இல்லை: இரவில் யார் எழுந்திருப்பார்கள்? சர்க்கரை உள்ள அப்பா இரண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை எழுவார். மூன்று வயதுக் குழந்தை எப்போது எழும் என்று அதற்கே தெரியாது. யெல்லோஸ்டோன் ஏரி 7,700 அடிக்கு மேல் இருக்கிறது, நம் ஊட்டியைவிட உயரம். ஜூலையிலும் இரவில் குளிர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இறங்கும், சில நாள் உறைநிலையையே தொட்டுவிடும். அந்தக் குளிரில் டார்ச் அடித்துக்கொண்டு, கரடி உலவும் காட்டில், பொதுக் கழிப்பறை வரை நடக்க முடியுமா? நாலு எட்டில் கழிப்பறை இருந்தாக வேண்டுமா? என்னைக் கேட்டால் பாதி முடிவு இந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிடும்.

மூன்றாவது சாப்பாடு. பிள்ளைகள் ஒரு வாரம் பீட்சாவில் ஓட்டிவிடுவார்கள். சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்கு மூன்றாம் நாளே நாக்கு செத்துவிடும். "எனக்கு ஒண்ணும் வேணாம்பா, பழம் போதும்" என்று அம்மா சொல்ல ஆரம்பித்தால் பயணம் கசக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பிள்ளைகளின் வயது எப்படி இதில் வருகிறது என்பதை ஆர்வி பகுதியில் சொல்கிறேன். எத்தனை தடவை இடம் மாறப்போகிறீர்கள் என்பதையும், எவ்வளவு முன்னால் திட்டமிடுகிறீர்கள் என்பதையும் கூடவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஆர்வி

வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கிளாஸ் சி எனப்படும் ரகம். முன்னால் வேனின் மூஞ்சி, பின்னால் ஒரு பெரிய பெட்டி, ஓட்டுநர் தலைக்கு மேல் பரண் மாதிரி ஒரு படுக்கை. 25 முதல் 30 அடி நீளம், சுமார் 12 அடி உயரம். சாதாரண கார் லைசென்ஸே போதும். பேருந்து மாதிரி பெரிதாக இருக்கும் கிளாஸ் ஏ, வேனுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கிய கிளாஸ் பி என்று வேறு ரகங்களும் உண்டு. ஆறு பேருக்குக் கிளாஸ் பி பத்தாது. கிளாஸ் ஏ-யை முதல் தடவையே ஓட்டச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

இந்த வண்டியின் மேல் அமெரிக்கர்களுக்கு உள்ள மோகம் நேற்று வந்ததில்லை. 1910-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ் ஆரோ என்ற நிறுவனம் ஒரு காரைக் காட்சிக்கு வைத்தது. பின்னிருக்கையை மடக்கினால் படுக்கை, டிரைவர் இருக்கையின் முதுகிலிருந்து மடித்து இறக்கினால் கைகழுவும் தொட்டி, அடியில் ஒரு மலச்சட்டி. 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் இப்படிக் காரிலேயே சமைத்து, தூங்கி ஊர் சுற்றியவர்கள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தையே தொடங்கினார்கள். தகர டப்பா உணவிலேயே காலம் தள்ளியதால் வந்த பெயர் என்பார்கள். கொரோனா காலத்தில் மோகம் இன்னும் ஏறி, 2021-ல் மட்டும் சுமார் 6 லட்சம் ஆர்விகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. நூறு வருடத்தில் வண்டி எவ்வளவோ மாறியிருக்கிறது, ஆனால் அந்த 1910 காரில் இருந்த படுக்கை, தொட்டி, கழிப்பறை மூன்றுக்காகத்தான் குடும்பங்கள் இன்றும் இதைத் தேடுகின்றன.

நமக்கும் இது அந்நியமில்லை. கட்டுச்சாத மூட்டையும் பாயும் கூஜாவுமாகக் கூண்டு வண்டியில் குலதெய்வம் கோயிலுக்குப் போன குடும்பங்கள்தானே.

எங்கே ஜெயிக்கிறது. எங்கள் பயணத்தில் அம்மா ஆர்விக்கு அடிமையானது இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு. வெளியே ஏரிமேல் பனி, உள்ளே ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பரணில் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்க, ஜன்னலுக்கு வெளியே ஒரு காட்டெருமை நின்றது. இதை மோட்டல் எந்த விலைக்கும் தராது. நடுவழியில் காட்டெருமை மந்தை சாலையை மறித்து ஒரு மணி நேரம் வண்டிகள் நின்றபோது, மற்ற கார்களில் குழந்தைகள் "பாத்ரூம், பாத்ரூம்" என்று அழுதுகொண்டிருக்க, நாங்கள் தயிர் சாதமும் மோர் மிளகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சமையல்தான் இதன் பெரிய பலம். ஆனால் ஒரு விஷயம். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு மூன்று லிட்டர் குக்கரைக் கட்டாயம் பெட்டியில் போடுங்கள். ஆர்விக்காரர்கள் தரும் பாத்திர செட்டில் வாணலியும் பாஸ்டா சட்டியும் இருக்கும், குக்கர் இருக்காது.

எங்கே இடிக்கிறது. முதலில் தண்ணீர். ஆர்வியில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு இரண்டாவது (கிரே டேங்க்), கழிப்பறைக்கு மூன்றாவது (பிளாக் டேங்க்). ஒவ்வொன்றும் சுமார் 30, 40 காலன். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, காகிதம் உபயோகிக்கும் ஆட்களை வைத்துப் போட்ட கணக்கு இது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொம்பும் கையுமாகப் போகிறவர்கள். ஆறு பேர் இருந்தால் நாலைந்து நாள் தாங்க வேண்டிய பிளாக் டேங்க் இரண்டாம் நாளே நிறைந்துவிடும். அம்மாவிடம் "தண்ணியைப் பார்த்துச் செலவழிங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று தெரியும். ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் டம்ப் ஸ்டேஷனுக்குப் போய் குழாயைச் செருகிக் காலி செய்யும் வேலை ஒருவர் தலையில் விழும். கையுறை போட்டுக்கொண்டு முதலில் பிளாக், பிறகு கிரே. அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். இதை மாற்றிச் செய்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். சுடுதண்ணீர் கொதிகலனும் சிறியது, ஆறு காலன்தான். முதலில் குளிப்பவர் பாட்டுப் பாடினால் மூன்றாமவருக்குப் பச்சைத் தண்ணீர்.

அடுத்தது மின்சாரம். சைட்டில், அதாவது முகாமில் வண்டி நிறுத்தத் தரும் இடத்தில், கிடைக்கும் 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தம் 3,600 வாட்தான். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் போட்டு, சட்னி அரைக்க மிக்ஸியையும் தட்டினால் பிரேக்கர் விழுந்துவிடும். யெல்லோஸ்டோனில் ஏசி தேவையே இல்லை, அதனால் தப்பித்தோம். இணைப்பு இல்லாத சைட்டில் ஜெனரேட்டர்தான். அதைக் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரைதான் ஓட்டலாம். ஹீட்டர் புரொப்பேனில் எரியும், ஆனால் அதன் விசிறிக்கு பேட்டரி வேண்டும்.

நீளம் இன்னொரு தொல்லை. யெல்லோஸ்டோனின் வடக்கே மாமத்தில் அப்பர் டெரஸ் டிரைவ் என்ற சாலைக்குள் ஆர்வி போகக் கூடாது. கிராண்ட் டீட்டனில் மூஸ்-வில்சன் சாலையிலும் அதே கதை. ஜாக்சனிலிருந்து ஐடஹோ பக்கம் இறங்கும் டீட்டன் பாஸ் 10 சதவீதச் சரிவு. தடை இல்லையென்றாலும் முதல்முறை ஓட்டுபவர் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். வெந்நீர் ஊற்றுகள் உள்ள மிட்வே கெய்சர் பேசினில் காருக்கே இடம் கிடைக்காது. காலை எட்டரைக்கு முன்னால் போனால் ஆர்விக்கு ஏதாவது கிடைக்கலாம். பாலும் தயிரும் வாங்கக் கடைக்குப் போக வேண்டுமென்றால் குழாய், ஒயர் எல்லாவற்றையும் கழற்றி, அலமாரிகளைத் தாழிட்டு, வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். தாழிட மறந்த ஒரு காலை நேரம், முதல் வளைவிலேயே ஃபிரிட்ஜ் திறந்துகொண்டு சாம்பார் முழுக்கத் தரையில். அதற்கப்புறம் கடைசி நாள் வரை வண்டி பெருங்காய வாசனைதான்.

பிள்ளைகள் விஷயம். நடுவிலிருக்கும் மேஜை இருக்கைகளில் பல வண்டிகளில் இடுப்பு பெல்ட் மட்டும்தான், தோள் பெல்ட் கிடையாது. தோள் பெல்ட் இல்லாமல் பூஸ்டர் சீட்டைப் பயன்படுத்தக் கூடாது. பக்கவாட்டில் திரும்பியிருக்கும் சோபாவில் எந்தக் குழந்தை இருக்கையையும் பொருத்தக் கூடாது. ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால், முன்பதிவு செய்வதற்கு முன்பே வாடகைக்காரரைக் கூப்பிட்டு, எந்த இருக்கையில் என்ன பெல்ட் என்று கேட்டுவிடுங்கள். வண்டி ஓடும்போது பரணில் படுத்துக்கொண்டு வருவது பிள்ளைகளின் கனவு. அதற்கு ஒரே பதில், கூடாது.

விளம்பரத்தில் தெரியாத செலவு. ஒரு இரவுக்கு 250 டாலர் என்று பார்த்துவிட்டு உட்காராதீர்கள். மைலுக்கு இவ்வளவு என்று தனிக்கட்டணம் உண்டு. பாத்திர செட், போர்வை செட் தனி. ஜெனரேட்டர் ஓடிய மணிக்குத் தனி. எங்களுக்கு வண்டி கொடுத்த இடத்தில் மீட்டரைப் பார்த்து, நாங்கள் ஓட்டாத மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்துப் பில் போட்டார்கள். வாங்கும்போதே அந்த மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கார் இன்சூரன்ஸ் வாடகைக் காருக்கு நீளலாம், ஆர்விக்குப் பெரும்பாலும் நீளாது. கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பும் அப்படித்தான். அவர்களிடமே இன்சூரன்ஸ் வாங்கினாலும், மரக்கிளையிலோ பெட்ரோல் பங்க் கூரையிலோ இடித்துக் கூரை கிழிந்தால் அது பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. டிரைவ் த்ரூ காபிக்கடைகளை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று பணமில்லை, நேரம். வண்டி கையில் கிடைப்பது மதியத்துக்கு மேல். விளக்கம் கேட்டு, மளிகை வாங்கி, சாமான் அடுக்கி முடிப்பதற்குள் மாலையாகிவிடும். திருப்பித் தருவது காலையில், அதற்கு முன் தொட்டிகளைக் காலி செய்து, பெட்ரோல் போட்டு, கூட்டிப் பெருக்க வேண்டும். ஏழு இரவு வாடகைக்கு ஆறு நாள் பயணம் என்றுதான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

இடம் பிடிப்பது. பூங்காவுக்குள் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும் இணைப்பில் கிடைக்கும் ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க். கரடிகள் அதிகம் வருவதால் அங்கே கெட்டிச் சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி, துணி டென்ட் கூடாது. டீட்டன் பக்கம் கோல்ட்டர் பே-யில் முழு இணைப்பு உண்டு. இரண்டும் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். மே மாதத்தில் யோசிக்க ஆரம்பித்தவர்களுக்கு வாயிலுக்கு வெளியே உள்ள தனியார் இடங்கள்தான்.

## மினிவேனும் மோட்டலும்

பழகிய வழி. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதிலும் ஒளிந்திருக்கும் செலவு உண்டு.

பலம் என்னவென்றால், கார் காராகவே இருக்கிறது. எந்தச் சாலையிலும் போகலாம், எங்கும் நிறுத்தலாம், பிள்ளைகள் மூன்று வரிசையிலும் ஒழுங்கான பெல்ட்டோடு உட்காரலாம். இரவு அறைக்குப் போனால் வேண்டிய மட்டும் சுடுதண்ணீர், நிமிர்ந்து நிற்கக்கூடிய குளியலறை. முட்டி வலி உள்ள அம்மாவுக்கு ஆர்வியின் வாசற்படி உயரம், குறுகலான கழிப்பறை எல்லாம் சிரமம். அவருக்குத் தரைத்தளத்தில் ஒரு மோட்டல் அறை சொர்க்கம். யாரும் யார்மேலும் இடித்துக்கொள்ளாமல் ஒரு கதவைச் சாத்திக்கொள்ளலாம். மாமியாரும் மருமகளும் ஏழு இரவு ஒரே பெட்டிக்குள் இருக்கப்போகிறார்கள் என்பதையும் ஆர்வி விளம்பரங்கள் சொல்வதில்லை.

பலவீனம் தூரம். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளுக்கு ஓராண்டுக்கு மேல் முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. 1904-ல் திறந்த ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் என்ற விடுதி பார்க்க அழகான மரக்கோட்டை. ஆனால் அதன் பழைய பகுதி அறைகள் பலவற்றில் தனிக் குளியலறை கிடையாது, தாழ்வாரத்தில் பொதுவில்தான். இந்த விவரத்தைப் பார்க்காமல் பெற்றோருக்கு அங்கே போட்டுவிடாதீர்கள். பூங்காவுக்குள் கிடைக்காவிட்டால் வெஸ்ட் யெல்லோஸ்டோன் அல்லது வடக்கு வாசல் ஊரான கார்டினர். வெஸ்ட் யெல்லோஸ்டோனிலிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று 30 மைல்தான். ஆனால் காட்டெருமை சாலையில் நடக்கத் தீர்மானித்தால் உங்கள் கூகுள் மேப் சொல்லும் நேரத்துக்கு அர்த்தமில்லை. ஓநாய்களைப் பார்க்க லமார் பள்ளத்தாக்குக்கு விடியற்காலையில் போய்ச் சேர வேண்டுமென்றால், வெஸ்ட் யெல்லோஸ்டோனில் மூன்று மணிக்கு எல்லாரையும் எழுப்ப வேண்டும். செய்து பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வழி, சின்னச் சமையலறை உள்ள அறை. இருந்தால் விலை கூடும், சீக்கிரம் தீர்ந்துவிடும். சாதாரண அறையில் ரைஸ் குக்கரை ஒளித்துவைத்துச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். புகை அலாரம் கூவி, மொத்த மோட்டலும் இரவு உடையில் வாசலில் நின்ற கதை எங்கள் நண்பர் வட்டத்தில் ஒன்று உண்டு, யாருடையது என்று சொல்ல மாட்டேன். புளிக்காய்ச்சலும் சப்பாத்தியும் வீட்டிலிருந்தே கொண்டுபோனால் மூன்று நாள் தாங்கும்.

ஒளிந்திருக்கும் செலவு இரண்டாவது அறை. ஓர் அறையில் இரண்டு கட்டில், நான்கு பேர். ஐந்தாவது ஆள் வந்தால் பல இடங்களில் இன்னொரு அறை. சீசனில் அறை ஒன்றுக்கு 200 டாலருக்கு மேல் என்னும்போது இந்த ஐந்தாவது தலைதான் ஆர்வி பக்கம் தராசைச் சாய்க்கிறது.

## மினிவேனும் டென்ட்டும்

விலையில் இதை அடிக்க ஒன்றுமில்லை. பூங்கா முகாம்களில் இரவுக்கு 35, 40 டாலரில் ஒரு சைட், ஆறு பேர் வரை. மேடிசன் முகாமில் காலையில் எழுந்தால் பக்கத்துப் புல்வெளியில் எல்க் மான் மேய்ந்துகொண்டிருக்கும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைப்போல ஒரு பள்ளிக்கூடம் இல்லை. கூடாரக் கழியைச் செருகுவதிலிருந்து இரவில் நட்சத்திரம் எண்ணுவது வரை எல்லாம் அவர்கள் வேலை.

சிரமங்களைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். மேடிசனில் கழிப்பறை உண்டு, குளியலறை இல்லை. உணவு, பற்பசை, சோப்பு வரை வாசனை வருகிற எதையும் டென்ட்டில் வைக்கக் கூடாது, கரடிக்குத் திறக்கத் தெரியாத இரும்புப் பெட்டியிலோ காருக்குள்ளோ பூட்ட வேண்டும். பிற்பகலில் இடிமழை வரும். நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் அடியில் விரிக்கும் மெத்தையும் இல்லாவிட்டால் தரையின் குளிர் எலும்பில் ஏறும். கையில் எதுவும் இல்லாமல் தொடங்கினால் நான்கு பேருக்குச் சாமான் வாங்கவே 500 டாலர் ஆகும், முதல் பயணத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அங்கே போய்விடும். விமானத்தில் வருகிறவர்களுக்கு அத்தனையும் சுமை. ஆறு பேர் உட்கார்ந்த மினிவேனில் மூன்றாவது இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் இந்த மூட்டை நுழையவும் நுழையாது.

அறுபத்தைந்து தாண்டிய பெற்றோரை டென்ட்டில் படுக்கவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அவர்கள் "எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லை" என்று சொன்னாலும்.

## நடுவில் ஒரு வழி: கேபின்

இதைப் பலர் கவனிப்பதில்லை. 1962-ல் மான்டானாவின் பில்லிங்ஸில் தொடங்கிய கேஓஏ போன்ற தனியார் முகாம்களில் சின்ன மரவீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். வெஸ்ட் யெல்லோஸ்டோன் பக்கமும் உண்டு. எளிய ரகத்தில் கட்டில், விளக்கு, வாசலில் அடுப்பு மேடை. போர்வை நீங்கள் கொண்டுபோக வேண்டும், கழிப்பறை பொதுவில். அடுத்த ரகத்தில் உள்ளேயே குளியலறையும் சமையலறையும், விலை மோட்டல் அளவுக்கு ஏறும். கார் கையில் இருக்கும், வெளியில் சமைக்கலாம், யாரும் தொட்டி காலி செய்ய வேண்டாம். ஒரே இடத்தில் நாலைந்து இரவு தங்கும் குடும்பத்துக்கு ஆர்வியைவிட இதுதான் புத்திசாலித்தனம்.

## கணக்கு

ஏழு இரவு, 1,100 மைல், ஜூலை. இவை நான் திட்டமிடும்போது போட்டுக்கொள்ளும் தோராயமான டாலர் கணக்கு. பெட்ரோல் காலனுக்கு 3.50, ஆர்வி காலனுக்கு 9 மைல், மினிவேன் 22 மைல் என்று வைத்திருக்கிறேன். வரி, விமானம், பூங்கா நுழைவு சேரவில்லை.

| செலவு (4 பேர்) | ஆர்வி | மோட்டல் | டென்ட் |
|---|---|---|---|
| வண்டி வாடகை | 1,750 | 630 | 630 |
| மைல் கட்டணம் | 440 | இல்லை | இல்லை |
| பெட்ரோல் | 430 | 175 | 175 |
| இன்சூரன்ஸ், பாத்திர செட் | 300 | இல்லை | இல்லை |
| தங்குமிடம் | 490 | 1,540 | 280 |
| சாப்பாடு | 250 | 700 | 250 |
| மொத்தம், 4 பேர் | 3,660 | 3,045 | 1,335 |
| மொத்தம், 6 பேர் | 3,760 | 4,935 | 1,435 |

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். நான்கு பேருக்கு ஆர்வி மோட்டலைவிட 600 டாலர் கூடுதல். ஆறு பேரானால் ஆர்வியில் சாப்பாட்டுக்கு நூறு டாலர்தான் ஏறுகிறது. மோட்டலிலோ இரண்டாவது அறையும் ஹோட்டல் சாப்பாடும் சேர்ந்து கிட்டத்தட்ட 1,900 ஏறிவிடுகிறது. "ஆர்வியில் போனால் மிச்சம்" என்று சொல்பவர்கள் பெரிய குடும்பக்காரர்களாக இருப்பார்கள், "ஆர்வி தண்டச்செலவு" என்பவர்கள் சின்னக் குடும்பக்காரர்களாக இருப்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. டென்வரிலோ சால்ட் லேக் சிட்டியிலோ இருந்து சொந்த மினிவேனில் கிளம்புபவர்கள் மோட்டல், டென்ட் கணக்கில் 630-ஐக் கழித்துக்கொள்ளலாம்.

## அப்படியானால் யாருக்கு எது

பெற்றோர் கூட வருகிறார்கள், மொத்தம் ஐந்தாறு பேர், யாருக்கும் படி ஏறுவதில் சிக்கலில்லை, இரண்டு மூன்று இடம் மாறித் தங்கப்போகிறீர்கள், ஆறு மாதம் முன்பே சைட் பிடித்துவிட்டீர்கள்: ஆர்வி. கூடவே ஓட்ட இன்னொருவரும், தொட்டி காலி செய்ய முகம் சுளிக்காத ஒருவரும் வேண்டும். இரண்டும் நீங்களே என்றால் உங்களுக்கு அது விடுமுறை இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு முட்டி வலி, அல்லது பூஸ்டர் சீட்டில் இரண்டு பிள்ளைகள்: மோட்டல். கட்டுபடியாகாவிட்டால் நாட்களைக் குறையுங்கள், ஏழை ஐந்தாக்குங்கள். குளியலறை உள்ள கேபின் கிடைத்தால் அதற்கு முதலிடம் கொடுப்பேன்.

நான்கு பேர், பெரியவர்கள் வரவில்லை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்: டென்ட். நடுவில் ஒரே ஒரு இரவு மோட்டலில் போட்டு எல்லாரும் குளித்து, துணி துவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் இரவுக்குக் கொடுக்கும் 220 டாலர் வீண் போகாது.

பிள்ளைகள் ஆர்வி என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள், உங்களுக்கோ தயக்கம் என்றால், யெல்லோஸ்டோனுக்குப் போகும் முன் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு இரவு எடுத்துப் பாருங்கள். ஆர்வி ஒத்துவருமா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

இந்த ஜூலையில் அம்மா வரவில்லை. சின்னவளுக்குப் பத்து வயது. மேடிசனில் நாலு இரவு டென்ட், ஜாக்சனில் ஓர் இரவு மோட்டல், கோல்ட்டர் பே-யில் இரண்டு இரவு டென்ட் என்று பதிவு செய்தாகிவிட்டது. பரணில் தூங்க முடியாது என்று பெரியவனுக்குக் கொஞ்சம் வருத்தம். குக்கர் மட்டும் வருகிறது.